தேவாங்கின் கையுறை

என்னை முதன்முதலில் தேவாங்கு என்று கூப்பிட்டவர் என் தாய்மாமா. எனக்கு அப்போது பன்னிரண்டு முடிந்து பதிமூன்று நடந்துகொண்டிருந்தது. இரட்டைச் சடை, எலும்புக்கு மேல் தோல், நடுவில் வேறொன்றும் கிடையாது. கண்கள் மட்டும் முகத்தின் அளவு தெரியாமல் வளர்ந்திருந்தன. மாமா தன் வாழ்நாளில் ஒரு தேவாங்கைக்கூடப் பார்த்தவர் இல்லை. ஒல்லியான பிள்ளையைக் கண்டால் அப்படித்தான் சொல்லவேண்டும் என்று ஊரில் ஒரு வழக்கம் இருந்தது, அதை அவர் தவறாமல் கடைப்பிடித்தார். மாமாவிடமிருந்து அந்தப் பெயர் அம்மாவுக்கு வந்தது. அம்மா ஒருநாள் கோபத்தில் பஸ் நிறுத்தத்தில் வைத்து உரக்கச் சொன்னதால் பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் எனக்குச் சொந்தப் பெயர் இருந்தது.

எங்கள் வீடு திற்பரப்புக்கும் குலசேகரத்துக்கும் இடையில், ரப்பர் தோட்டங்களுக்குள். மாமா குலசேகரத்தில் ஆக்கர் கடை வைத்திருந்தார். பழைய இரும்பு, பேப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடைபோட்டு வாங்கும் கடை. அந்த வருஷம் மலைப்பக்கம் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாமா ஒரு மினி லாரியைப் பிடித்துக்கொண்டு போனார். குளியல் தொட்டி, கட்டில் ஸ்பிரிங், உடைந்த விளக்குகள் இவற்றோடு கறையான் பாதி தின்ற பெரிய புத்தகம் ஒன்றும் வந்தது. கறையான் எழுத்துக்களை விரும்பித் தின்றிருந்தது. ஒரே ஒரு படம் மட்டும் முழுசாகத் தப்பியிருந்தது.

அந்தப் படத்தை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒரு கிளையின்மேல் மனுஷனைப்போல நிமிர்ந்து நிற்கும் மெலிந்த பிராணி. ஒரு கையில் பழம். பின்னால் குட்டியாக ஒரு வால். விரல்கள் சீப்பில் பல் வைத்ததுபோல ஐந்தும் ஒரே அளவு, ஒவ்வொரு நுனியிலும் பூனை நகம். கண்கள் மட்டும் உள்ளபடியே பெரிதாக, யாரோ அதனிடம் தகாத வார்த்தை சொல்லிவிட்டதுபோல விழித்துக்கொண்டிருந்தன. வரைந்தவர் ஒவ்வொரு மயிரையும் தனித்தனிக் கோடாக இழுத்திருந்தார். அந்தக் கோடுகளை நான் விரலால் தடவிப் பார்த்தேன். அதுவரை நான் கண்ட படங்களிலேயே அழகானது அதுதான்.

மாமா என்னைக் கூப்பிட்டு, இந்தா உன் போட்டோ, மலைமேல் வெள்ளைக்காரன் எடுத்து வைத்திருக்கிறான் என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன், அதற்குள் எங்கள் சயின்ஸ் சார் கடைக்கு வந்துவிட்டார். ஆய்வகத்துக்கு இரும்புத் தாங்கி ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க வந்தவர், படத்தைக் கண்டதும் தாங்கியை மறந்துவிட்டார். மாமாவும் ஆசிரியரிடம் நல்ல பெயர் கிடைக்கட்டும் என்று படத்தைச் சும்மாவே கொடுத்துவிட்டார். சும்மா கொடுத்ததைப் பற்றி அடுத்த பத்து வருஷம் பேசவும் செய்தார்.

சார் அதற்குச் சட்டம் போட்டு ஆய்வகச் சுவரில் மாட்டினார். கீழே இருந்த எழுத்து லத்தீன் என்று சொன்னார். இதை வரைந்தவர் வருஷக்கணக்காகக் காட்டில் குடிசை போட்டுத் தங்கி, தேவாங்கோடு தேவாங்காக வாழ்ந்து வரைந்தார் என்றும் சொன்னார். இது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. இவ்வளவு நுணுக்கமாக வரைந்த மனுஷன் வேறு எப்படி வாழ்ந்திருக்க முடியும் என்பதுதான் அவர் கணக்கு. மரியாதை மிகுந்துபோய் அவரே கட்டிய கதை அது.

அந்த மாதமே அறிவியல் கண்காட்சி அறிவிப்பு வந்தது. உயிரினங்களின் தகவமைப்பு என்று ஒரு தலைப்பு இருந்தது. சார் என்னைக் கூப்பிட்டு, சுவரில் இருக்கும் படத்தை முழுச் சார்ட்டில் பெரிதாக்கி வரையவேண்டும், கண் எதற்கு, கை எதற்கு, நகம் எதற்கு என்று பக்கத்தில் எழுதவேண்டும் என்றார். வரைவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை. எங்கள் பள்ளியில் முதலாவதாக வந்தால் நாகர்கோவிலில் நடக்கும் பெரிய கண்காட்சிக்குப் போகலாம். கல்யாணமோ சாவோ இல்லாமல் நான் நாகர்கோவிலைப் பார்த்ததே இல்லை. அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. தேவாங்கு என்ற பெயரை எனக்கு வைத்தவர்கள் எல்லாரும் வந்து, ஒரு தேவாங்கின் முன்னால் வாயைத் திறந்தபடி நிற்கவேண்டும். அவ்வளவுதான், வேறு நல்லெண்ணம் ஒன்றும் எனக்கு இல்லை.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். எங்களுக்கென்று கொஞ்சம் மரம், அடுத்தவர் தோட்டத்தில் மீதி. எனக்கு இரண்டு வயதிருக்கும்போது, உறைந்த பாலை ஷீட்டாக அடிக்கும் மிஷினின் இரண்டு உருளைகளுக்கும் நடுவில் அவருடைய வலது கைச் சுட்டுவிரல் போய்விட்டது. அடியில் ஒரு கணு மட்டும் மிச்சம். அதை வைத்துக்கொண்டே அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரைவிடச் சுத்தமாகப் பட்டையை வெட்ட ஆள் கிடையாது. ஆனால் தோட்டத்தை விட்டு வெளியே வந்தால் வலது கை வெளியே வராது. தோளில் கிடக்கும் துண்டின் நுனி எப்போதும் அந்தக் கையைச் சுற்றியிருக்கும். கடையில் சாமானை இடது கையால் வாங்குவார். இடது கையால் வாங்குகிறானே, மரியாதை தெரியாதவன் என்று சிலர் நினைத்தார்கள். அதை அவர் திருத்தப் போனதில்லை.

மாமா கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படம் ஒன்று எங்கள் முன்னறையில் தொங்கியது. ஸ்டுடியோவில் அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதன் உதவியால் அந்த ஸ்டுடியோக்காரர் மூடின கண்களைத் திறந்தார், கறுத்தவர்களை வெளுப்பாக்கினார், மழைபெய்த கல்யாணத்துக்குப் பின்னால் சுவிட்சர்லாந்து மலையைக் கொண்டுவந்தார். அன்று ஒரு கணம் துண்டு நழுவி அப்பாவின் கை வெளியே தெரிந்திருக்கிறது. யாரும் கேட்காமலே, தன் சொந்த அன்பினால், அவர் அப்பாவுக்கு ஒரு முழுச் சுட்டுவிரலை வைத்துக் கொடுத்துவிட்டார். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். நன்றாகத்தானே இருக்கிறது, அம்மாவைப்போல இவர் ஏன் சந்தோஷப்படவில்லை என்று எனக்குத் தோன்றியது.

கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருந்தது. நான் படத்தை முக்கால்வாசி முடித்திருந்தேன். வால் வைத்தாயிற்று, நகம் வைத்தாயிற்று, பத்து விரலையும் ஒரே நீளத்துக்கு அளந்து போட்டாயிற்று. அது ஒரு சனிக்கிழமை. ஒன்பது மணி வாக்கில், வாளியோடு பால் எடுக்கப் போன அப்பா தோட்டத்துக்குள்ளிருந்து கூப்பிட்டார். பாம்பு என்று நினைத்து அம்மா கம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் அம்மாவுக்குப் பின்னால் ஓடினேன்.

மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டைக்கு மேல், சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு சின்ன உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா மெல்ல விலக்கியதும் இரண்டு கண்கள் திறந்தன. நான் அந்தக் கண்களைத்தான் பத்து நாளாக வரைந்துகொண்டிருந்தேன். சிரட்டைப் பாலில் ஒரு விட்டில் பூச்சி விழுந்து மிதந்தது. விடியப்போகும் நேரத்தில் அதைப் பிடிக்க இது கையை விட்டிருக்கிறது. எடுத்த கையில் பால் காய்ந்து, கை மணிக்கட்டு வரைக்கும் சிரட்டைக் கம்பியோடு ஒட்டிப்போயிருந்தது. விடிந்தபின் கண் கூசி, போகவும் முடியாமல், கத்தவும் தெம்பில்லாமல் அப்படியே சுருண்டுவிட்டது.

அப்பா கம்பியிலிருந்து கையை மெல்லப் பிரித்தெடுத்து, துண்டை உருவி அதைச் சுற்றினார். எனக்கு அது பழக்கமான துண்டு, ஆனால் அப்பாவின் வலது கைக்குப் பதிலாக வேறொரு கையை அது சுற்றியதை அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, நிழலில் உட்கார்ந்து, அம்மாவின் கத்தரிக்கோலால் மணிக்கட்டில் ஒட்டிய மயிரை வெட்டி, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி, அந்தக் காய்ந்த பாலை மேலிருந்து கீழாகச் சுருட்டி எடுக்கத் தொடங்கினார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். அது இரண்டுமுறை அவர் கையில் மூத்திரம் பெய்தது. நான் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது உதறியதில் என் முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு கீறல் விழுந்தது. எந்த நகம் என்று திருப்பிப் பார்த்தேன். மற்ற விரல்களிலெல்லாம் நம்மைப்போலத் தட்டை நகம்தான். காலில் இரண்டாவது விரலில் மட்டும் கூரான ஒரு நகம் நிமிர்ந்து நின்றது. வாலைத் தேடினேன். வால் என்று ஒன்று கிடையவே கிடையாது.

கடைசியில் ரப்பர் முழுசாகக் கழன்று வந்தது. அப்பா அந்தச் சின்னக் கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். சுட்டுவிரல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குட்டைக் கணுதான் இருந்தது. எங்காவது கண்ணியில் மாட்டி அறுந்திருக்கும் என்று அம்மா உச்சுக்கொட்டினாள். அப்பா மற்றக் கையையும் விரித்துப் பார்த்தார். அதிலும் அப்படியே.

“ரெண்டு கையிலயும் ஒண்ணுபோலல்லா இருக்கு. இது அறுந்ததில்ல. இவனுக்குப் பெறப்பே இப்பிடித்தான்.”

தன் இடது கை விரலை நீட்டி அதைப் பிடிக்க விட்டார். தேவாங்கு கட்டைவிரலை ஒரு பக்கம் முழுக்க விரித்து, மற்ற மூன்று விரல்களால் மறுபக்கம் சுற்றிப் பிடித்தது. குட்டை விரல் நடுவில் வழிவிட்டு ஒதுங்கி நின்றது. அப்பா விரலை இழுத்துப் பார்த்தார், விடவில்லை. இந்த விரல் குறைந்ததால்தான் பிடி இவ்வளவு அகலமாக, இவ்வளவு பலமாக இருக்கிறது என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். இரண்டுமுறை சொன்னார். எனக்கு அது சார்ட்டில் எழுதவேண்டிய ஒரு வரியாக மட்டும் காதில் விழுந்தது. ஓடிப்போய் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஓடைக்கரைப் புதரில் கொண்டுபோய் விட்டோம். அது அவசரமே படாமல், ஒவ்வொரு கிளையாக யோசித்து யோசித்துப் பிடித்து உள்ளே போனது. வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினாள். தேவாங்கைத் தொட்டது தெரிந்தால் பாரஸ்ட்காரர்கள் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், உயிர்போனாலும் வெளியே சொல்லக்கூடாது. நான் சத்தியம் செய்தேன். உரித்தெடுத்த ரப்பரை அப்பா எறியவில்லை. உள்ளே முகப்பவுடரைத் தூவி, வாயில் வைத்து ஊதினார். பொம்மைக்குத் தைத்ததுபோல ஒரு கையுறை எழுந்து நின்றது. நாலு விரல் நீண்டும் ஒன்று குட்டையாகவும். அதைக் காகிதத்தில் மடித்துத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே நான் ரப்பரை எடுத்தேன். இது அழிக்கிற ரப்பர். வாலை அழித்தேன், பூனை நகங்களை அழித்தேன், இரண்டு சுட்டுவிரல்களையும் குறைத்தேன். நிமிர்ந்து நின்றதைக் கிளையோடு கிளையாகத் தாழ்த்தினேன். காலின் இரண்டாம் விரலுக்கு மட்டும் கூரான நகத்தை வைத்தேன். சுவரில் இருந்த படத்தை வரைந்த வெள்ளைக்காரர்மேல் எனக்கு ஒரே கோபம். காட்டில் குடிசை போட்டு இருந்தவருக்கு ஒரு விரலை எண்ணத் தெரியவில்லையே என்று இருந்தது. எனக்குப் பிடிவாதம் அதிகம் என்று எல்லா ஆசிரியர்களும் எழுதியிருக்கிறார்கள், அது பொய் இல்லை.

கண்காட்சி நாளன்று பள்ளியின் பெரிய ஹாலில் எல்லாம் வரிசையாக வைத்திருந்தோம். சைக்கிள் டைனமோ வைத்த காற்றாலை, சோப்பு நுரை கக்கும் எரிமலை, ஒழுகிக்கொண்டே இருந்த பேச்சிப்பாறை அணை. என் சார்ட்டுக்கு மேலே சார் அந்தச் சட்டம்போட்ட படத்தையே கொண்டுவந்து மாட்டியிருந்தார், மூலமும் நகலும் ஒன்றாகத் தெரியட்டும் என்று. அதுதான் வினையாகிப் போனது. நடுவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சார் என் சார்ட்டை நிதானமாகப் பார்த்தார். பார்த்ததும் சிவப்புப் பேனாவை எடுத்தார். விரலில் ஒரு வட்டம், நகத்தில் ஒரு வட்டம், வால் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் காகிதத்தில் பெரிதாக ஒரு வட்டம்.

அவர் கெட்டவர் இல்லை. இரண்டு வாரமாக அந்தப் படத்தைப் பற்றித் தலைமையாசிரியரிடம் பெருமை பேசியவர். இவ்வளவு பெரியவர்கள் கண்ணால் பார்த்து வரைந்ததில் பிழை பிடிக்க நீ யார், எங்கே பார்த்தாய் என்று கேட்டார். சத்தியம் என் தலையில் உட்கார்ந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சார்ட்டைக் கழற்றி மடித்து வைக்கச் சொன்னார். நான் கழற்றவும் இல்லை. நடுவர் வரும் நேரம் நெருங்கியது. அப்போது பதற்றத்தில் அவர் அதைச் சொன்னார்.

“முழு வெரலை எதுக்குப் பிள்ளே வெட்டின? அப்பாக்க கையைப் பாத்தா வரைஞ்ச?”

பிள்ளைகள் சிரித்தார்கள். சில பெரியவர்களும் சிரித்தார்கள். சொன்ன மறுநிமிஷமே சாரின் முகம் மாறியது, ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆனால் அந்தக் கோபமும் என் படத்துக்காகத்தான். விரல் சரிதான், படம்தான் பிழை என்று கத்தவேண்டும்போல இருந்தது. அப்பா ஹாலின் பின்பக்கம், பெற்றோர்களுக்குப் போட்ட பெஞ்சுகளுக்கும் பின்னால், கதவோரமாக நின்றது எனக்குத் தெரியாது. துண்டைக் கையில் சுற்றியபடி எங்கேயும் அப்படித்தான் நிற்பார்.

அந்த நேரம் பார்த்து நடுவர் வந்தார். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தும் பேராசிரியை. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். சிவப்பு வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், பிறகு மேலே மாட்டியிருந்த பழைய படத்தைப் பார்த்தார், மறுபடி என் சார்ட்டைப் பார்த்தார். இந்த வட்டம் யார் போட்டது என்று கேட்டார். சார், நான்தான் மேடம், பிள்ளை தெரியாமல் மாற்றிவிட்டது என்றார். எதைப் பார்த்து மாற்றினாய் என்று பேராசிரியை என்னிடம் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அம்மா கூட்டத்தில் எங்கோ நின்று என்னை முறைப்பதுபோல இருந்தது, உண்மையில் அம்மா வரவே இல்லை.

“பிள்ளை எனக்க கையைப் பாத்து வரையல்ல, சாரே. இதைப் பாத்துதான் வரைஞ்சா.”

அப்பா. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்துகொண்டிருந்தார். ஒரு கூட்டத்தின் முன்னால் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை. பெட்டிக்குள் வைத்திருந்த அந்தக் காகிதத்தை, என் சார்ட்டோடு ஒத்துப் பார்க்கவென்றோ என்னவோ, சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார்; எடுத்துப் பிரித்தார். மடங்கிக் கிடந்த ரப்பரை வாயில் வைத்து, காற்றுப் போகாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து ஊதினார். முதலில் உள்ளங்கை எழுந்தது. பிறகு கட்டைவிரல், பிறகு ஒவ்வொரு விரலாக நிமிர்ந்தது. கடைசிவரை ஒன்று மட்டும் எழவே இல்லை, குட்டையாகவே நின்றது. அப்பா வாயை எடுத்துவிட்டு, அதன் கழுத்தை வலது கையால் இறுக்கிப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். மணிக்கட்டுப் பக்கம் தேவாங்கின் மயிர் நாலைந்து ஒட்டியிருந்தது வெளிச்சத்தில் தெரிந்தது.

ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியை கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். அப்பா எதையும் மறைக்காமல் சொன்னார். சிரட்டையில் ஒட்டியது, உரித்தது, ஓடைக்கரையில் விட்டது எல்லாம். பிடித்து வைத்திருந்தால்தான் தப்பு, காப்பாற்றி விட்டதற்கு யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றார் பேராசிரியை. பிறகு என் பக்கம் திரும்பி, அதற்குக் கூரான நகமே கிடையாதா என்று கேட்டார். கேள்வியில் ஒரு பொறி இருந்தது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. காலில் இரண்டாவது விரலில் ஒன்றே ஒன்று என்று சொல்லி, சட்டைக் கையை ஏற்றிக் காய்ந்த கீறலைக் காட்டினேன்.

அவர் சிரித்துவிட்டார். சிவப்புப் பேனாவைச் சாரிடமிருந்து வாங்கி, என் சார்ட்டில் இருந்த மூன்று வட்டங்களுக்கும் பக்கத்தில் மூன்று சரி போட்டார். பிறகு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, மேலே இருந்த பழைய படத்தின் கண்ணாடியில் பேனாவால் தட்டி, இதை வரைந்த பெரியவர் உயிரோடு ஒரு தேவாங்கைப் பார்த்ததில்லை என்று மட்டும் சொன்னார். ஹால் முழுக்கக் கைதட்டல். காற்றாலை வைத்தவன்கூடத் தட்டினான். மாமா எங்கிருந்தோ முளைத்து, அந்தப் படத்தில் ஏதோ பிழை இருக்கிறது என்று தனக்கு அன்றைக்கே தோன்றியதாகப் பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் முன்னால் வைத்தே, எனக்க தேவாங்கே என்று என்னைத் தூக்கினார். அந்தப் பெயருக்கு நான் முதன்முதலாக என்ன என்று கேட்டேன்.

முதல் பரிசு எனக்குத்தான். மரக்கட்டையில் நின்ற ஒரு வெள்ளிநிறக் கப். நாகர்கோவிலுக்கும் போனேன். அங்கே பரிசு கிடைக்கவில்லை, பரோட்டா கிடைத்தது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சார் அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று அப்பாவிடம் என்னவோ சொன்னார், கண் கலங்கியிருந்தது. அப்பா அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து பாலில்லாத கட்டன் சாயா கொடுக்கச் சொன்னார். மறுவாரம் ஆய்வகச் சுவரில் பழைய படத்துக்குப் பக்கத்தில் என் சார்ட்டும் ஏறியது, சிவப்பு வட்டங்களோடும் சரிகளோடும்.

நானும் பிற்பாடு விலங்கியல்தான் படித்தேன். அந்தக் காலத்துப் படங்களில் பலவும், கப்பலில் சாராய ஜாடிக்குள் சுருண்டு போய்ச் சேர்ந்த செத்த உடல்களைப் பார்த்து, எங்கோ குளிர்ந்த ஊரில் உட்கார்ந்து வரைந்தவை என்று அப்போதுதான் தெரிந்தது. ஜாடியிலிருந்து எடுத்தவர் ஒரு குட்டை விரலைக் கண்டிருப்பார். வழியில் ஒடிந்துபோயிற்று, பாவம் என்று நினைத்திருப்பார். தன் பெரிய மனசால் அதை முழுசாக்கிக் கொடுத்திருப்பார். அவர்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை.

ஆனால் கண்காட்சி முடிந்த பிறகு எனக்குக் கோபம் வந்தது அப்பாமேல்தான். கண்காட்சிக்குப் படம் எடுக்க வந்தவர் அதே ஸ்டுடியோக்காரர். ஒரு வாரம் கழித்துப் படத்தைக் கொண்டுவந்தார். அப்பா கையைத் தூக்கி நிற்கும் அந்த நொடியைச் சரியாகப் பிடித்திருந்தார். தலைக்கு மேலே ஊதின கையுறை. அதன் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்த அப்பாவின் வலது கை. துண்டு கீழே விழுந்து கிடந்தது. தேவாங்கின் குட்டை விரலும் அப்பாவின் குட்டை விரலும் இரண்டு அங்குல இடைவெளியில், மேலும் கீழுமாக, வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தன. என் சார்ட் அப்பாவின் தலைக்குப் பின்னால் முழுசாக மறைந்துபோயிருந்தது. என் முகத்தில் ஒரு பாதிதான் விழுந்திருந்தது.

ஸ்டுடியோக்காரர் தயங்கித் தயங்கி, கல்யாணப் படத்தில் செய்ததுபோல விரலைச் சரியாக்கித் தரட்டுமா என்று அப்பாவிடம் கேட்டார். அம்மா உடனே சம்மதமாகத் தலையை ஆட்டினாள்.

“வேண்டாம்,” என்றார் அப்பா. “உள்ளதுபோல இருக்கட்டு.”

நான் நடுவில் புகுந்தேன். விரல் கிடக்கட்டும், கம்ப்யூட்டரில் என் கையில் அந்தக் கப்பை வைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார் அவர். முகத்தின் மறுபாதியைக்கூடக் கொண்டுவரலாம், பின்னால் சார்ட்டையும் வைக்கலாம் என்றார். அப்பா என்னைப் பார்த்தார்.

“அந்நேரம் கப்பு உனக்க கையில இல்லையே, மக்களே.”

நான் அன்று ராத்திரி சோறு உண்ணவில்லை. இல்லாத விரலுக்காக ஹாலில் ஒருவருக்கும் அசையாமல் நின்றவள், இல்லாத கப்புக்காக அழுதேன். அடுத்த நாள் அப்பா முன்னறையில் இருந்த கல்யாணப் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டு, அதே ஆணியில் இந்தப் படத்தை மாட்டினார். நான் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு அதில் என்னென்ன இல்லை என்று எண்ணினேன். சார்ட் இல்லை. கப் இல்லை. என் முகத்தில் பாதி இல்லை. அப்பாவின் வலது கை உள்ளதுபோல அதற்கு முன் எங்கள் வீட்டில் எந்தப் படத்திலும் இருந்ததில்லை என்பது மட்டும் என் கணக்கில் வரவே இல்லை.